அன்றாட ஆடையிலிருந்து வழிபாட்டுடைக்கு: இலத்தீன் திருச்சபைக் குருக்களின் உடைகள் – உறுப்பு, துணி, பொருண்மை

ஆய்வுச்சுருக்கம்

இலத்தீன் வழிபாட்டு மரபில் குருக்கள் அணியும் உடைகளுள் பெரும்பாலானவை உரோமைப் பேரரசின் பிற்காலத்தில் பொதுமக்கள் உடுத்திய ஆடைகளின் எச்சங்களாகும். பொதுமக்களின் ஆடைமுறை மாறியபோது வழிபாட்டில் பழைய ஆடை நிலைத்தது. அவ்வாறு நிலைத்த ஆடைக்கு இறையியல் பொருள் பின்னரே கற்பிக்கப்பட்டது. இக்கட்டுரை அவ்வுடைகளின் உறுப்புகளையும் துணிகளையும் விளக்கி, துணியின் இயல்பு உடையின் வடிவத்தை மாற்றிய விதத்தை எடுத்துரைக்கிறது. உடைகளை அணிவதும் அணிவிப்பதும் பதவிநிலையை வரையறுக்கும் செயலாக இருந்தமையைச் சுட்டி, அதன் அடிப்படையில் இந்தியத் திருச்சபையில் 1969இல் ஏற்பட்ட உடை மாற்றத்தை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: வழிபாட்டுடை, காசுலா, ஸ்தோலா, தால்மாத்திக்கா, பண்பாட்டுமயமாக்கம், அங்கவஸ்திரம்

முன்னுரை

சமயக் குருக்களின் உடை குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் அதன் குறியீட்டுப் பொருளிலிருந்தே தொடங்குவர். வெண்மை தூய்மையைக் குறிக்கும். கச்சை புலனடக்கத்தைக் குறிக்கும். மேலாடை அன்பைக் குறிக்கும் என்பன போன்ற விளக்கங்கள் மறைக்கல்வி நூல்களில் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவ்விளக்கங்கள் பக்திக்கு உதவுவன. ஆயினும் உடை தோன்றிய காரணத்தை இவை விளக்குவதில்லை. பொருளுக்காக உடை படைக்கப்பட்டதா, இருந்த உடைக்குப் பொருள் சேர்க்கப்பட்டதா என்னும் வினாவிற்கு விடை காண உடையின் தையல், மடிப்பு, துணி ஆகியவற்றையே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது.

குருக்கள் பொதுவெளியில் அணியும் அங்கியும் வழிபாட்டின்போது அணியும் உடைகளும் வேறுவேறானவை. முன்னது நாட்டுக்கும் தட்பவெப்பத்திற்கும் ஏற்ப மாறுவது. வெப்பமண்டல நாடுகளில் கருப்பு அங்கிக்கு மாற்றாக வெள்ளை அங்கி வழங்குவது இதற்குச் சான்றாகும். பின்னது திருச்சபைச் சட்டத்தால் வரையறுக்கப்படுவது. இக்கட்டுரை பின்னதையே முதன்மையாக ஆராய்கிறது. முன்னது ஒப்பீட்டிற்குத் தேவையான இடங்களில் மட்டும் இடம்பெறுகிறது.

தனியுடை இல்லாத காலம்

கிறித்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் குருக்களுக்கெனத் தனியுடை இருந்ததாகச் சான்றில்லை. பொதுமக்கள் விழா நாள்களில் உடுத்திய நல்லாடையையே அவர்களும் வழிபாட்டில் உடுத்தினர். கி.பி. 428ஆம் ஆண்டில் திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் தென்கால் நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடல் இங்குக் கருதத்தக்கது. அப்பகுதி ஆயர்கள் சிலர் துறவியரைப் போல மேற்போர்வையும் இடைக்கச்சையும் அணிந்து தம்மை வேறுபடுத்திக் காட்டியதை அம்மடல் கண்டிக்கிறது. ஆயர் மக்களிடமிருந்து வேறுபட வேண்டியது போதனையாலும் ஒழுக்கத்தாலுமேயன்றி உடையால் அன்று என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் உடை ஒழுங்குகளை மிக நுட்பமாக வகுத்த அதே உரோமைப் பீடம், 5ஆம் நூற்றாண்டில் தனியுடையை எதிர்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் நிலைமை மாறியது. செருமானிய இனக்குழுக்களின் வருகைக்குப்பின் மேற்கு ஐரோப்பாவில் ஆண்கள் குட்டை மேற்சட்டையும் காற்சட்டையும் அணியத் தலைப்பட்டனர். வழிபாட்டில் மட்டும் நீண்ட உரோமை ஆடை தொடர்ந்தது. குருக்கள் புதிய உடை எதையும் மேற்கொள்ளவில்லை. பழைய உடையைக் கைவிடவில்லை. சூழல் மாறியதால் அப்பழைய உடையே தனியுடையாயிற்று.

கி.பி. 633இல் கூடிய நான்காம் தொலேதோ சங்கம் இம்மாற்றம் முழுமையடைந்ததைக் காட்டுகிறது. முறையின்றிப் பதவி நீக்கப்பட்ட ஒருவர் மீண்டும் பதவி பெறும்போது, ஆயருக்கு ஒராரியம் என்னும் தோள்பட்டையும் மோதிரமும் செங்கோலும், குருவுக்குத் தோள்பட்டையும் மேலாடையும், திருத்தொண்டருக்குத் தோள்பட்டையும் வெண்ணங்கியும் பலிபீடத்தின்முன் திரும்ப அளிக்கப்பட வேண்டும் என அச்சங்கத்தின் 28ஆம் விதி கூறுகிறது. இங்கு உடையளித்தல் என்பது பதவியளித்தலாகவே ஆகிவிடுகிறது.

திருப்பலி உடைகளின் உறுப்புகள்

குரு திருப்பலிக்கு ஆயத்தமாகும்போது உடைகளை உள்ளிருந்து வெளியாக ஓர் ஒழுங்கில் அணிவார். அவ்வொழுங்கிலேயே அவற்றைக் காணலாம்.

1. கழுத்துத் துணி: அமிக்தூஸ் எனப்படும் இது இரு நாடாக்கள் கொண்ட நாற்கோணத் துணி. கழுத்தையும் தோளையும் மூடும். விலையுயர்ந்த மேலாடையில் வியர்வை படியாமல் காப்பது இதன் நடைமுறைப் பயன்.

2. வெண்ணங்கி: ஆல்பா என்னும் இலத்தீன் சொல்லுக்கு வெள்ளை என்பது பொருள். கணுக்கால்வரை நீண்ட, கையுள்ள உரோமைச் சட்டையே இது. மரபாக லினன் எனப்படும் ஆளிநார்த் துணியால் தைக்கப்பட்டது. 16, 17ஆம் நூற்றாண்டுகளுக்குப்பின் இதன் கீழ்விளிம்பிலும் கைவிளிம்பிலும் பின்னல் வேலைப்பாடு பெருகியது.

3. இடைக்கச்சை: சிங்குலம் எனப்படும் இக்கயிறு, நீண்ட அங்கியை இடுப்பில் தூக்கிக் கட்டி நடப்பதற்கு எளிதாக்குவது.

4. கைத்துகில்: மனிப்புலூஸ் என்னும் இது இடது முன்கையில் தொங்கும் ஒரு சிறு பட்டை. உரோமையர் கையில் வைத்திருந்த துடைப்புத் துணியே மடிந்து, குறுகி, துடைப்பதற்கு உதவாத அணியாயிற்று. 1967 மே 4ஆம் நாள் வெளியான உரோமை அறிவுறுத்தல் இதனைக் கட்டாயமற்றதாக்கியது. இன்று பொதுவழக்கில் இது இல்லை.

5. தோள்பட்டை: தமிழகத் திருச்சபைகளில் ஸ்டோல் என்றே பெரிதும் வழங்கும் இது, முதலில் ஒராரியம் என்றும் ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டு முதல் ஸ்தோலா என்றும் குறிக்கப்பட்டது. ஏனைய உடைகள் உடலை மூடுவன. இதுவோ உடலை மூடுவதில்லை; பதவியைக் காட்டுவது. திருத்தொண்டர் இதனை இடது தோளிலிருந்து வலப்பக்கமாகக் குறுக்கே அணிவார். குருவும் ஆயரும் கழுத்தைச் சுற்றி முன்புறம் தொங்கவிடுவர். முற்காலத்தில் குரு மார்பின்மீது குறுக்காகவும் ஆயர் நேராகவும் அணியும் வேறுபாடும் இருந்தது. தொலேதோ சங்கத்தின் 40ஆம் விதி, திருத்தொண்டர் இரு தோள்பட்டைகள் அணிவதைத் தடைசெய்து, பணிவிடைக்கு வலப்பக்கம் தடையின்றி இருக்கவேண்டும் எனக் காரணம் கூறுகிறது. அப்பட்டையில் வண்ணமோ பொன்னோ கூடாது எனவும் அது விதிக்கிறது.

6. மேலாடை: குருவின் தனியுடையாகிய இது உரோமையரின் பேனுலா என்னும் பயணப் போர்வையிலிருந்து வந்தது. தலைநுழையத் துளையுடைய, முழுவுடலையும் மூடிய போர்வை அது. காசுலா என்னும் பெயருக்குச் சிறுவீடு என்பது பொருள். ஒருவரைச் சுற்றி எழுப்பிய குடில்போல் இருந்தமையால் இப்பெயர் பெற்றது.

இவற்றோடு, திருத்தொண்டர் அணியும் தால்மாத்திக்கா அகன்ற கையுடைய சட்டையாகும். தால்மாத்தியப் பகுதியின் பெயரால் வழங்கும் இதில் மேலிருந்து கீழாக இரு கோடுகள் ஓடும். உரோமைச் சட்டையில் இருந்த கிளாவி என்னும் வண்ணக் கோடுகளின் தொடர்ச்சி அது. ஊர்வலங்களில் அணியும் புளுவியாலே என்னும் பெரும் போர்வையின் பெயர் மழையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. மழைப் போர்வைக்கு இருந்த தலைமூடி, இன்று முதுகில் தைத்த கேடய வடிவ அலங்காரத் துண்டாக எஞ்சியுள்ளது. தலையை மூடவியலாத தலைமூடி, துடைக்கவியலாத கைத்துகில் ஆகியவை இவ்வுடைகளின் உலகியல் தோற்றத்திற்கு வெளிப்படையான சான்றுகளாகும்.

திருச்சபையின் மறுகிளையில் பேனுலாவின் வரலாறு வேறு திசையில் சென்றது. பைசாந்திய மரபின் பெலோனியன் என்னும் மேலாடையும் அதே போர்வையின் வழிவந்ததே. கைகளுக்கு இடமளிக்கும் தேவை இரு மரபிலும் எழுந்தது. கிழக்கில் முன்புறத்தை வெட்டிக் குறைத்தனர். மேற்கில் பக்கங்களை வெட்டிக் குறைத்தனர்.

துணி வடிவத்தை மாற்றிய விதம்

தொடக்ககால மேலாடை அரைவட்டத் துணியை மடித்து முன்புறம் இணைத்த கூம்பு வடிவினது. கையை உயர்த்தும்போது துணி முழுவதும் முன்கையில் மடிந்து சேரும். மென்கம்பளியோ மெல்லிய பட்டோ ஆயின் இம்மடிப்பு சுமையாவதில்லை. முன்புறத் தையலை மறைக்க ஒட்டிய பட்டையே பின்னர் மேலாடையின் நடுவில் ஓடும் பூவேலைப் பட்டையாக வளர்ந்தது. தையலை மறைத்த துணி, காலப்போக்கில் திருவுருவங்களைத் தாங்கும் ஓவியப் பரப்பாயிற்று.

இடைக்காலத்தில் ஐரோப்பியத் திருச்சபைகள் விலையுயர்ந்த துணிகளைப் பெருமளவில் பயன்படுத்தின. பைசாந்தியப் பட்டும் இசுலாமிய நாடுகளில் நெய்த பட்டும் கிறித்தவ வழிபாட்டுடையாயின. இத்தாலியின் பெர்மோ பேராலயத்தில் தோமஸ் பெக்கட்டின் உடை என மரபாகப் போற்றப்படும் மேலாடை, அரபு எழுத்துப் பொறித்த அந்தலூசியப் பூவேலைப் பட்டால் ஆனது. துணியின் மதிப்பு அது நெய்யப்பட்ட நாட்டின் சமயத்தைப் பொறுத்திருக்கவில்லை என்பதை இது புலப்படுத்துகிறது.

இங்கிலாந்தின் பூவேலை ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. கி.பி. 1295இல் எடுக்கப்பட்ட வத்திக்கான் கருவூலப் பட்டியலில் ஒப்பஸ் ஆங்கிலிக்கானும் எனும் ஆங்கிலப் பூவேலை நூற்றுக்கும் மேற்பட்ட முறை குறிக்கப்படுகிறது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சயன் போர்வை (ஏறத்தாழ 1310–1320) இக்கலையின் சிறந்த எடுத்துக்காட்டு. பொன்னிழையைத் துணியின் மேற்பரப்பில் கிடத்தி, அடியிலிருந்து வரும் நூலால் அதனைச் சிறு கண்ணிகளாகப் பின்புறம் இழுத்துப் பிணைப்பது இப்பூவேலையின் நுட்பம். ஒவ்வொரு கண்ணியும் கீல்போல் மடங்குவதால், பொன்னால் நிறைந்த துணியும் உடலோடு இசைந்து விழுந்தது.

பிற்காலத்தில் இந்நுட்பம் அருகியது. தடித்த வெல்வெட், ஜரிகை நெய்த கனத்த பட்டு, அடியில் விறைப்புத் துணி வைத்த மேடிட்ட பூவேலை ஆகியன பெருகின. அத்தகைய துணி முன்கையில் மடியாது. மேலும் திருப்பலியில் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு முதல் வலுப்பெற்றமையால் குரு கையை உயர்த்த வேண்டியதாயிற்று. இவ்விரு காரணங்களாலும் மேலாடையின் பக்கங்கள் படிப்படியாக வெட்டப்பட்டன. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அது முன்னும் பின்னும் தொங்கும் இரு விறைத்த பலகைகள்போல் ஆயிற்று. முன்புறம் இடையில் குறுகியதால் வயலின் வடிவ மேலாடை என்றும் பெயர் பெற்றது. உயர்த்தும் வேளையில் பணிவிடையாளர் குருவின் மேலாடை விளிம்பைத் தூக்கிப் பிடிக்கும் வழக்கம் மட்டும், தூக்கவேண்டிய தேவை மறைந்த பின்னரும் தொடர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கட்டடக்கலைஞர் பியூஜின் போன்றோர் அகன்ற இடைக்கால வடிவத்தை மீட்க முயன்றனர். உரோமை 1925இல் இம்முயற்சியை ஊக்கப்படுத்தவில்லை. 1957இல் அதனை ஆயர்களின் முடிவிற்கு விட்டது. துணி இலகுவாகும்போது வடிவமும் பழைய அகலத்திற்குத் திரும்பியமை கவனிக்கத்தக்கது.

பின்னர் வந்த பொருண்மை

உடைகளுக்கு விரிவான குறியீட்டு விளக்கம் தரும் மரபு 9ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகரத்து அமலாரியூஸ் முதலியோரால் வலுப்பெற்றது. இவ்விளக்கங்கள் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுவது கருதத்தக்கது. கழுத்துத் துணியை அமலாரியூஸ் குரலடக்கத்தின் குறியாகக் கண்டார். பின்வந்த உடையணியும் மன்றாட்டோ அதனை மீட்பின் தலைச்சீராவாகக் கூறுகிறது. மேலாடை சில நூல்களில் அனைத்தையும் மூடும் அன்பாகவும், மன்றாட்டில் ஆண்டவரின் நுகமாகவும் விளங்குகிறது. ஒரே துணிக்குப் பல பொருள்கள் அமைவது, பொருள் துணியிலிருந்து தானே பிறக்கவில்லை என்பதைக் காட்டும்.

நிறங்களின் வரலாறும் இத்தகையதே. பின்னர் மூன்றாம் இன்னொசென்ட் என்னும் பெயரில் திருத்தந்தையான லொத்தாரியோ, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெண்மை, சிவப்பு, கருப்பு, பச்சை ஆகிய நான்கு முதன்மை நிறங்களை உரோமையின் வழக்கமாக விவரித்தார். ஊதாவைக் கருப்பின் வகையாகக் கொண்டார். 1570இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலே இதனைப் பொதுவிதியாக நிலைநிறுத்தியது.

பொருள் பின்னர் வந்தது என்பதனால் அது வலுவற்றது என்றாகாது. 1550இல் கிளவுஸ்டர் ஆயராக நியமிக்கப்பட்ட ஜான் ஹூப்பர், பழைய வழிபாட்டுடையில் திருநிலைப்பாடு பெற மறுத்தார். சிறையிடப்பட்டபின் இணங்கி 1551 மார்ச்சில் ஆயரானார். 1566இல் வெண்மேலங்கி அணிய மறுத்த இலண்டன் குருக்கள் 37 பேர் பணியிடை நீக்கம் பெற்றனர். அவர்கள் மறுத்த அவ்வங்கியின் இலத்தீன் பெயருக்கு மென்மயிர்த் தோலாடையின்மேல் அணிவது என்பதே பொருள். குளிர்மிகு ஆலயங்களில் தோலாடையை மூட அகலமாகத் தைத்த அங்கி அது. குளிருக்காகத் தோன்றிய ஆடை மனச்சான்றின் போராட்டக் களமாயிற்று.

இந்தியச் சூழலும் அங்கவஸ்திரமும்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இயேசு சபையினரின் கருப்பு அங்கியைக் களைந்து காவியுடை மேற்கொண்டார். அம்மாற்றம் பொதுவெளி உடை பற்றியது. அவரது முறைகள் குறித்து 1619இல் கோவாவில் விவாதம் நடந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை நிபந்தனைகளோடு ஏற்றார். மனந்திரும்பியோரின் சமூக அடையாளங்களே அங்குப் பொருளாயின. திருப்பலி உடையில் இந்தியமயமாக்கம் அதற்கு மூன்றரை நூற்றாண்டுகள் கழித்தே வந்தது.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, உடைகளில் ஆடம்பரத்தினும் உயரிய எழிலே வேண்டத்தக்கது என்றும், ஆயர் பேரவைகள் துணியையும் வடிவத்தையும் தத்தம் மண்ணுக்கேற்ப அமைக்கலாம் என்றும் வழிவகுத்தது. அதன்வழி, இந்திய ஆயர்கள் முன்வைத்த பன்னிரு பரிந்துரைகளை உரோமை 1969 ஏப்ரலில் ஏற்றது. அவற்றுள் ஒன்று, மரபான உடைகளுக்கு மாற்றாகச் சட்டை வடிவ மேலாடை ஒன்றையும் தோள்பட்டையாக அங்கவஸ்திரத்தையும் அணியலாம் என்பது. பெங்களூரில் 1967இல் நிறுவப்பட்ட தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநராகிய து. ச. அமலோற்பவதாஸ் இத்தகைய பண்பாட்டுமயமாக்கத்தின் முதன்மைக் குரலாக விளங்கினார்.

இதுவரை கண்ட வரலாற்றின்படி இம்மாற்றம் மரபுக்கு முரணானதன்று. உரோமைக் குடிமகனின் போர்வை வழிபாட்டுடையாகலாம் எனில், இந்தியரின் தோளாடையும் ஆகலாம். ஆயினும் எவ்விந்தியரின் தோளாடை என்னும் வினா எஞ்சுகிறது. தமிழ்ச் சமூகத்தில் தோள்துண்டை எங்கு, எவர்முன், எவ்வாறு அணியலாம் என்பது நெடுங்காலம் சாதிப்படிநிலையோடு பிணைந்திருந்தது. தென்திருவிதாங்கூரில் சாணார் சமூகப் பெண்கள், குறிப்பாகக் கிறித்தவப் பெண்கள், மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் இதற்குப் பெருஞ்சான்று. 1859 சூலை 26ஆம் நாளின் அரசாணை மேனியை மூடும் உரிமையை அளித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் அணியும் உரிமையை அளிக்கவில்லை. அணியலாம், ஆனால் இன்னார் இன்னவாறே அணியவேண்டும் என்னும் இவ்வரையறை, தொலேதோ சங்க விதியின் அமைப்பையே நினைவூட்டுகிறது. தொலேதோவில் வரையறுக்கப்பட்டது திருச்சபைப் பணிநிலை. திருவிதாங்கூரில் வரையறுக்கப்பட்டது பிறப்பு.

எனவே அங்கவஸ்திரம் வெறும் துணியாக வழிபாட்டிற்குள் வரவில்லை. தன் சமூகப் பொருளோடு வந்தது. பண்பாட்டுமயமாக்கம் உயர்சாதிச் சமற்கிருதப் பண்பாட்டையே இந்தியப் பண்பாடாகக் கொண்டது எனத் தலித் இறையியலாளர் முன்வைக்கும் விமர்சனம் உடைக்கும் பொருந்துவதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. இலத்தீன் வழிபாட்டுடைகளுள் பெரும்பாலானவை உரோமை அன்றாட ஆடையின் எச்சங்கள். அவை புனிதமானமை பயன்பாட்டின் தொடர்ச்சியாலேயாம். அவற்றின் வடிவம் இறையியலைவிடத் துணியின் எடை, மடிப்பு, கையசைவு ஆகியவற்றால் மிகுதியும் மாறியது. வடிவமும் துணியும் குறியீட்டுப் பொருளும் மாறிவந்தபோதிலும், பதவிநிலையை வேறுபடுத்திக் காட்டும் செயற்பாடு மட்டும் 7ஆம் நூற்றாண்டு முதல் மாறாது நிலைத்தது.

உடையைப் புதிதாக வகுக்க முற்படும் திருச்சபை, துணி உள்நாட்டுத்தன்மை உடையதா என்பதோடு நின்றுவிட இயலாது. அத்துணியை அம்மண்ணில் இதுவரை எவர் அணிந்தனர், எவருக்கு அது மறுக்கப்பட்டது என்பதையும் ஆராய வேண்டும். உடையால் வேறுபடுவதை 428இல் செலஸ்தீன் ஐயுற்றார். அவ்வையம், பிறப்பின் வேற்றுமையைத் துணியில் சுமந்துவந்த தமிழ்ச் சூழலில் கூடுதல் வலிமை பெறுகிறது.